டெஹ்ரி ஏரியின் அக்கரை

ஆறு ஒன்றைக் காணப் புறப்பட்டுச் சென்று, ஏரி ஒன்றைக் கண்டு திரும்பினேன். கங்கோத்ரிப் பனியாற்றின் முகமான கோமுகத்தில் பிறந்து, மலைகளைப் பிளந்துகொண்டு இருநூறு கிலோமீட்டர் ஓடி, தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு கலந்து கங்கை என்று பெயர் பெறுகிறாள் பாகீரதி. அவளைப் பற்றி இளமை முதல் கேட்டும் படித்தும் வந்திருக்கிறேன். பாறைகளில் மோதி நுரைத்துப் பாய்ந்துவரும் வெள்ளத்தையே என் மனம் எதிர்பார்த்திருந்தது. 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வாரத்தில் நான் கண்டதோ, அசைவற்றுக் கிடந்த பச்சை நீர்ப்பரப்பு.

ரிஷிகேசத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறினேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் சால மரக் காட்டினூடே மலையேற்றம் தொடங்கிவிடுகிறது. முதலில் வருவது நரேந்திரநகர். டெஹ்ரி கட்வால் நாட்டை ஆண்ட மன்னர்கள் சிலருக்கு ஒரு வழக்கம் இருந்தது; ஒவ்வொருவரும் தம் பெயரால் ஓர் ஊரை எழுப்பிவிட்டுப் போவார்கள். பிரதாப் ஷா எழுப்பியது பிரதாப்நகர். கீர்த்தி ஷா எழுப்பியது கீர்த்திநகர். நரேந்திர ஷா எழுப்பியது நரேந்திரநகர். அவர்களுடைய மூத்த தலைநகரான டெஹ்ரிக்கு மட்டும் மன்னர் பெயர் வாய்க்கவில்லை. இன்று மன்னர் பெயர் தாங்கிய ஊர்கள் மூன்றும் நிலைத்து நிற்க, டெஹ்ரி தண்ணீருக்கடியில் கிடக்கிறது.

என் பக்கத்து இருக்கையில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர், மடியில் துணியால் மூடிய மூங்கில் கூடையை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். வளைவுகளில் பேருந்து சாயும்போதெல்லாம் குழந்தையை அணைப்பதுபோல் அதை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டார். நடத்துநர் அவரைக் 'குருஜி' என்று அழைத்ததிலிருந்து, அவர் ஆசிரியராயிருந்தவர் என்று அறிந்தேன். நானும் அப்படியே அழைத்துப் பேச்சுக் கொடுத்தேன். அரைகுறை இந்தியில் நான் கேட்டவற்றுக்கு அவர் நிறுத்தி நிதானமாக விடை சொன்னார். மலைநாட்டார் வேற்றூராரிடம் காட்டும் பொறுமை அது.

"கூடையில் என்ன, குருஜி?" என்றேன்.

துணியை விலக்கிக் காட்டினார். நம் வீட்டு அதிரசம்! அரிசிமாவும் வெல்லப்பாகும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் பொரித்த அதே பண்டம். அங்கு அதற்கு 'அர்சா' என்று பெயர். தென்னாட்டிலிருந்து வந்த பலகாரம் என்று அங்கும் சிலர் சொல்வதுண்டாம். வசந்த மாதமாகிய சைத்திரத்தில், மணமாகிச் சென்ற பெண்ணைப் பிறந்த வீட்டார் இவ்வாறு கூடையோடு சென்று காண்பது அம்மலைநாட்டு மரபு. பெண் எத்தனை வயதினளானாலும், அந்தக் கூடைக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்றார் பெரியவர்.

அவர் பிறந்தது பழைய டெஹ்ரியில். இப்போது வாழ்வது ரிஷிகேசத்தை அடுத்த பசுலோக்கில், ஊரிழந்தோருக்கென ஒதுக்கப்பட்ட குடியிருப்பில். அக்கரையில் உள்ள தங்கையின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். "நீங்களும் வாருங்கள், பாய் சாஹப். ஏரியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் இக்கரையிலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்றார். அந்தச் சொல்லே என்னை அவருடன் இழுத்துச் சென்றது.

பழைய டெஹ்ரி, பாகீரதியும் பிலங்கனாவும் கூடுமிடத்தில் இருந்த ஊர். மூவகைப் பாவங்களையும் போக்கும் இடம் என்னும் பொருளில் 'திரிஹரி' என்று வழங்கியதே டெஹ்ரி என மருவியது என்பர். கூர்க்கர்களோடு நிகழ்ந்த போருக்குப் பின், பழைய தலைநகர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், 1815-இல் மன்னர் சுதர்சன் ஷா இங்கே புதுத் தலைநகர் அமைத்தார். 1897-இல் விக்டோரியா அரசியின் வைரவிழாவுக்காகக் கீர்த்தி ஷா ஒரு மணிக்கூண்டு எழுப்பினார். லாகூரில் கணிதப் பேராசிரியராயிருந்து துறவு பூண்ட சுவாமி ராம தீர்த்தர் 1906-இல் பிலங்கனாவில் நீராடச் சென்று வெள்ளத்தில் மறைந்தது இவ்வூரின் அருகில்தான். மன்னராட்சியை எதிர்த்து உரிமை கேட்ட ஸ்ரீதேவ் சுமன் என்னும் இளைஞர் 84 நாள் உண்ணாநோன்பிருந்து 1944 ஜூலை 25-இல் உயிர்நீத்தது இவ்வூர்ச் சிறையில். நீருக்குள் போனது செங்கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இவற்றையெல்லாம் எழுதுகிறேன்.

அணைக்கட்டுக்கான முதல் ஆய்வு 1961-இல் நடந்தது. 1972-இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. 1978-இல் வேலை ஆரம்பமாயிற்று. அதே ஆண்டில் ஊரார் எதிர்ப்புக் குழு அமைத்தனர். வழக்கறிஞர் வீரேந்திர தத் சக்லானி அதற்குத் தலைமை தாங்கினார். 1986-இல் சோவியத் நாடு கைகொடுக்க முன்வந்தது. சில ஆண்டுகளில் அந்நாடே இல்லாமற்போயிற்று. பணமின்றியும், வழக்குகளாலும், போராட்டங்களாலும் நின்று நின்று நடந்தது வேலை.

எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. இமயம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் மலை. நிலநடுக்கம் அதற்குப் புதிதன்று. அதன் மடியில் இத்துணை நீரை ஏற்றிவைக்கலாமா என்றனர். 1991 அக்டோபர் 20-ஆம் நாள் உத்தரகாசியை உலுக்கிய நிலநடுக்கம் பல நூறு உயிர்களைக் கொண்டுபோனபோது, அந்தக் கேள்வி வெறும் வாதமாக இருக்கவில்லை. மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ இயக்கத்தின் சுந்தர்லால் பகுகுணா, அணைக்கருகே பாகீரதிக் கரையில் குடிலமைத்து ஆண்டுக்கணக்கில் தங்கினார். 1995-இல் 45 நாளும், 1996-இல் 74 நாளும் உண்ணாநோன்பிருந்தார். 2003 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அணைக்குத் தடையில்லை என்றது. மூவரில் ஒரு நீதிபதி மாறுபட்டார். 2004-இல் நீர் ஏறிவந்தபோது பகுகுணாவின் குடிலும் காலியாயிற்று. 2021 மே மாதத்தில், பெருந்தொற்றுக் காலத்தில், அவர் காலமானார்.

2005 அக்டோபர் 29-இல் கடைசிச் சுரங்கவழியும் அடைக்கப்பட்டது. அன்று முதல் பாகீரதி ஏரியானாள்.

சம்பா என்னும் சிற்றூரைத் தாண்டிப் புதிய டெஹ்ரியை அடைந்தோம். முதல் உலகப்போரில் வீழ்ந்து விக்டோரியா சிலுவை பெற்ற கபர் சிங் நேகியின் நினைவுச்சின்னம் சம்பாவில் இருக்கிறது. பேருந்து நின்ற பத்து நிமிடத்தில் கண்டேன். புதிய டெஹ்ரி, திட்டமிட்டுக் கட்டிய மலைநகர். கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டருக்கு மேல் படிப்படியாக அமைந்திருக்கிறது. மூழ்கிய மணிக்கூண்டுக்கு ஈடாக இங்கும் ஒன்று கட்டியிருக்கிறார்கள். "மணி சரியாகத்தான் காட்டுகிறது" என்றார் குருஜி, வேறொன்றும் சொல்லவில்லை. ஆற்றங்கரையின் வெப்பத்தில் வளர்ந்த முதியோர்க்கு இம்மேட்டின் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம். அவரைப்போல் சமவெளிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கோ, கொசுவும் வெயிலும் கரும்புக்காடும் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரும் வயலும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் பத்தாயிரத்துக்கு மேல்.

அணையைச் சற்றுத் தொலைவிலிருந்துதான் பார்த்தோம். அருகில் காவல் கடுமை, படமெடுக்கவும் தடை. முதலில் எனக்கு ஏமாற்றமே. கற்சுவர் ஒன்று வானளாவ நிற்கும் என்று எதிர்பார்த்தேன். கண்முன் இருந்ததோ சரிந்த குன்று ஒன்று. மண்ணும் பாறையும் இட்டு நிரப்பிய அணை இது. நடுவில் களிமண் அகணி, இருபுறமும் பாறைக்கொட்டு. நிலம் நடுங்கினால் விறைத்து நின்று பிளவாமல், சற்று இசைந்துகொடுக்கும் என்பதே இவ்வமைப்பின் கருத்து. உயரம் 260.5 மீட்டர்; இந்தியாவில் இதைவிட உயர்ந்த அணை இல்லை. இது தேக்கும் நீர் சுமார் 350 கோடி கனமீட்டர். ஏரி பாகீரதியின் பள்ளத்தாக்கில் நாற்பது கிலோமீட்டருக்கு மேலும், பிலங்கனாவின் பக்கம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டரும் நீண்டு கிடக்கிறது.

மின்சாரம் பிறப்பது மலையின் வயிற்றுக்குள். குடைந்து அமைத்த மண்டபத்தில் 250 மெகாவாட் ஆற்றலுள்ள இயந்திரங்கள் நான்கு இருக்கின்றன. ஏரி நீர் சுரங்கக் குழாய்களின் வழியே வீழ்ந்து சக்கரங்களைச் சுழற்றிவிட்டுக் கீழே ஆற்றில் சேர்கிறது. பனியாறுகளுக்கு ஒரு குணமுண்டு; ஜூலை, ஆகஸ்டில் கரைபுரளும், ஜனவரியில் மெலிந்து ஓடும். ஆனால் நகரங்களில் விளக்கெரிவது ஆண்டு முழுதும். மழைக்கால வெள்ளத்தைப் பிடித்துவைத்து, மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் விசைப்பொத்தான் அழுத்தப்படும்போது அவிழ்த்துவிடுவதே இந்த ஏரியின் வேலை. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் கீழே கோட்டேசுவரில் இன்னோர் அணை 400 மெகாவாட் தருகிறது. 2025-இல் புதியதொரு ஏற்பாடும் இயங்கத் தொடங்கிற்று. மின்சாரம் மிஞ்சும் வேளையில் கோட்டேசுவர்த் தேக்கத்து நீரை மீண்டும் டெஹ்ரி ஏரிக்கு ஏற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரே நீர் இருமுறை உழைக்கிறது.

ஏரிக்கு மேலேயும் ஆறு தன் விருப்பம்போல் ஓடவில்லை. மனேரியில் தடுக்கப்பட்டு 8.6 கிலோமீட்டர் சுரங்கத்தில் புகுந்து உத்தரகாசியில் வெளிவருகிறது. அங்கிருந்து மறுபடியும் 16 கிலோமீட்டர் சுரங்கம். வறண்ட மாதங்களில் அந்நெடுகிலும் ஆற்றின் படுகையில் கற்களே மிகுதி. இன்னும் மேலே திட்டமிட்டிருந்த லோஹாரிநாக் பாலா உள்ளிட்ட மூன்று மின்நிலையங்கள் 2010-இல் கைவிடப்பட்டன. 2012-இல் கோமுகத்திலிருந்து உத்தரகாசி வரையுள்ள பகுதி காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்காக நோன்பிருந்தவர்களுள் முதல்வர், தாமே பொறியியல் பேராசிரியராயிருந்த ஜி. டி. அகர்வால். கங்கைக்காக மேற்கொண்ட 111 நாள் நோன்பின் முடிவில், 2018 அக்டோபர் 11-இல் அவர் ரிஷிகேசத்தில் மறைந்தார்.

நன்மையை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. இவ்வேரியின் நீர் கால்வாய் வழியே டெல்லிக்குப் போய், சோனியா விகார் நிலையத்தில் தூய்மையாகி, இலட்சக்கணக்கான வீடுகளின் குழாய்களில் வருகிறது. உத்தரப் பிரதேசத்து வயல்களுக்கும் பாய்கிறது. 2013 ஜூன் பெருவெள்ளத்தில், அலகநந்தா சீறிவந்த வேளையில், பாகீரதியின் வெள்ளத்தை இந்த ஏரி தன்னுள் வாங்கிக்கொண்டதால் கீழூர்கள் தப்பின என்று அணைப் பொறியாளர் கூறுகின்றனர். எதிர்ப்பாளர் அதை முழுதும் ஏற்பதில்லை. மின்விளக்கின் கீழ் அமர்ந்து இதை எழுதும் நான், மின்சாரமே வேண்டாமென்று சொல்லப் போவதில்லை.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். அணை நிற்கும் மாநிலமாகிய உத்தராகண்டுக்குக் கிடைப்பது 12 விழுக்காடு இலவச மின்சாரம். அணை நிறுவனத்தில் அதற்குப் பங்கில்லை. நான்கில் ஒரு பங்கு, பழைய தாய்மாநிலமாகிய உத்தரப் பிரதேசத்தின் கையில். எஞ்சியது 2020 வரை மத்திய அரசிடமிருந்து, பின்னர் தேசிய அனல்மின் கழகத்துக்குச் சென்றது. 2000-இல் மாநிலம் பிரிந்தபோது மலை இவர்களுக்கு வந்தது, மலையிலுள்ள அணை வரவில்லை!

ஏரிக்கரைச் சாலையில் டோப்ரா நோக்கிப் பகிர்வு ஜீப்பில் சென்றோம். கோட்டிக் காலனியருகே விசைப்படகுகள், மிதவைகள், சுற்றுலாக் கூட்டம். நீர்மட்டத்துக்கு மேல் மலைச்சரிவு நெடுக, தோலுரித்ததுபோல் வெளிறிய பட்டை ஒன்று தென்பட்டது. மழைக்கால முடிவில் நிரம்பும்போது ஏரி 830 மீட்டர் மட்டத்தைத் தொடும். மறு கோடையில் 740 மீட்டர் வரை இறங்கலாம். ஆண்டுதோறும் தொண்ணூறு மீட்டர் ஏறி இறங்கும் நீர்! ஊறிய மண் நீர் இறங்கும்போது பிடிப்பிழந்து சரிகிறது. அதனால் மூழ்காமல் தப்பிய கரைமேட்டு ஊர்களிலும் வீடுகள் விரிசல் கண்டிருக்கின்றன. மூழ்கியவனுக்கு மாற்றுமனை உண்டு; விரிசல் கண்டவன் அதை மெய்ப்பிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். சில கோடைகளில் நீர் மிகவும் இறங்கும்போது பழைய அரண்மனையின் இடிபாடுகள் சேற்றோடு வெளியே தலைகாட்டுமாம். அப்போது பசுலோக்கிலிருந்தும் பத்ரியிலிருந்தும் மக்கள் வந்து கரையில் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம்.

குருஜி ஓரிடத்தில் நீரின் நடுவே கைகாட்டினார். "அங்கேதான் பாலம். பாலத்துக்கு இப்பால் எங்கள் பள்ளி. என் தங்கையை அக்கரையில் கொடுத்தபோது எங்கள் தாய் சொன்னாள்: தூரமில்லை, கூப்பிட்டால் கேட்கும் என்று. காலையில் ரொட்டி தின்றுவிட்டுப் புறப்பட்டால், பாலத்தைக் கடந்து மலையேறி, பகலுணவு அவள் வீட்டில்."

பாகீரதிக்கும் பிலங்கனாவுக்கும் நடுவில் உயர்ந்து நிற்பது பிரதாப்நகர்ப் பகுதி. இரண்டும் ஆறுகளாயிருந்தவரை அவற்றைக் கடப்பது பெரிதன்று. சந்தையும் மருத்துவமனையும் பள்ளியும் நீதிமன்றமும் பாலத்துக்கு அப்பால் டெஹ்ரியில் இருந்தன. ஆறுகள் ஏரியானபோது பாலங்கள் மூழ்கின. டெஹ்ரி மலையுச்சிக்குப் போயிற்று. பிரதாப்நகர் இருந்த இடத்திலேயே இருந்தும் தொலைவாகிவிட்டது. எஞ்சியவை சிறு வண்டிகளுக்கான பாலங்களும், பகலில் மட்டும் ஓடும் படகுகளும். சுமைவண்டிகளும் பேருந்துகளும் பல மணி நேரம் ஏரியைச் சுற்றவேண்டியிருந்தது. அரிசியும் சிமெண்டும் அதற்கேற்ப விலையேறின. பேறுகாலப் பெண்களை எப்படிக் கொண்டுபோயிருப்பார்கள் என்பதை நம் வீட்டுத் தாய்மார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. நாடு கடத்தப்பட்டோர் வாழும் இடம் என்னும் பொருளில், அப்பகுதியைக் 'காலாபானி' என்று ஊரார் அழைக்கலாயினர்.

"2011 பனிக்காலத்தில் ஓர் இரவு தொலைபேசி வந்தது" என்றார் குருஜி. "தங்கைக்கு மூச்சு முட்டுகிறது, அண்ணனைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்றான் அவள் மகன். அப்போதே ஜீப் பிடித்தேன். விடியும்போது ஏரியின் இக்கரையில் நின்றேன், பாய் சாஹப். அவள் ஊர் எதிரே தெரிகிறது. வீட்டுக் கூரையில் புகை எழுவதுகூடத் தெரிகிறது. படகு வரவில்லை. சுற்றிக்கொண்டு போய்ச் சேரும்போது கரையில் எல்லாம் முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்."

சற்று நேரம் நாங்கள் பேசவில்லை. ஓட்டுநர் பாட்டுப்பெட்டியின் ஒலியைக் குறைத்தார். அவரும் கேட்டிருக்க வேண்டும்.

பாலம் கட்டும் வேலை 2006-இல் தொடங்கியது. வரைபடம் பொருந்தவில்லை என்று நின்றது; பணம் தீர்ந்து நின்றது; பின்னர் வெளிநாட்டு வல்லுநர் வந்தனர்; 2018-இல் தொங்கு வடங்கள் அறுந்தன. ஒருவாறாக 2020 நவம்பர் 8-இல் திறக்கப்பட்டது. அணுகுபாதை சேர்த்து 725 மீட்டர் நீளம். அதில் 440 மீட்டர் தூணின்றித் தொங்குகிறது. நல்ல வேலைப்பாடுதான். ஆயினும் கேட்காமலிருக்க முடியவில்லை: 260 மீட்டர் உயர அணையைக் கட்டி முடிக்கத் தெரிந்தவர்கள், அதன் கடைசிக் கதவை அடைக்குமுன் இந்தப் பாலத்தைக் கட்டியிருக்கக் கூடாதா? நீர் எந்த நாளில் எந்த மட்டம் வரை ஏறும் என்று கணக்கிட்டவர்களுக்கு, அந்த நாளில் எந்தெந்தப் பாலம் மூழ்கும் என்பது தெரியாமலா இருந்தது? மின்சாரத்துக்கு ஒரு நாள் தாமதமானாலும் அதன் நட்டத்தைக் கணக்கெழுதி வைக்கிறோம். பிரதாப்நகர் காத்திருந்த பதினைந்து ஆண்டுகளை எந்தப் பேரேட்டிலும் யாரும் எழுதவில்லை.

டோப்ராவில் இறங்கினோம். வண்டியிலேயே அப்பால் போகலாம். குருஜி நடந்து கடப்பதையே விரும்பினார். காற்று பலமாக வீசியது. பாலம் மெல்ல அசைவதைக் கால்கள் உணர்ந்தன. நடுப்பாலத்தில் நின்று கீழே பார்த்தேன். வண்டல் கலந்த பச்சை நீர். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"தங்கை இல்லையே, குருஜி. கூடை இப்போது யாருக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றிற்று.

அவர் முகம் வாடவில்லை. "அவள் மருமகளுக்கு. அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்தான் இல்லை. பாலம் திறந்த ஆண்டிலிருந்து நான்தான் கொண்டுபோகிறேன்" என்றார்.

சாந்தி என்னும் அக்கரையில் மருமகன் மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்தான். மாமனின் காலைத் தொட்டு வணங்கி, கூடையை வாங்கப் போனான், பெரியவர் கொடுக்கவில்லை. அதிலிருந்து இரண்டு அர்சாவை எடுத்துத் தாளில் சுற்றி என் கையில் வைத்துவிட்டு, கூடையை மடியில் இருத்திக்கொண்டு பின்னால் ஏறி அமர்ந்தார். வண்டி மலைப்பாதையில் வளைந்து மறையும்வரை பார்த்திருந்தேன்.

திரும்பி நடக்கையில் மாலையாகிவிட்டது. பாலத்தின் வடங்களில் பல நிற விளக்குகள் எரியத் தொடங்கின. பயணிகள் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தனர். அக்கரை மேட்டில், ஒன்றுக்கொன்று தொலைவில், ஊர் விளக்குகளும் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டன. அர்சா ஒன்றைப் பிட்டு வாயிலிட்டேன். பாகு சற்று முறுகியிருந்தது.